அன்னபூரணியை விற்றது தவறா?

வல்வெட்டித்துறையில் 1930ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், 1938 ஆகஸ்ட் முதலாம் திகதி அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. நீளம் 89 அடி, அகலம் 19 அடி, இரண்டு பாய்மரங்கள். நமது வேப்ப மரத்தில் ஊர் ஓடாவிமார் கட்டிய கலம் அது. செங்கடல், சுயெஸ் கால்வாய், மத்தியதரைக்கடல், அத்திலாந்திக் என்று அத்தனையும் தாண்டி அது போனபோது அதைச் செலுத்தியவர்களில் தண்டயல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அவருடைய ஊர்க் கடலோடிகளும் இருந்தார்கள். ஆனால் குளோஸ்டரில் போய் நின்ற கப்பலின் பெயர் அன்னபூரணி அல்ல, புளோரன்ஸ் சி. ரொபின்சன். 32 அடிப் படகொன்றில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றி வந்த வில்லியம் அல்பர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கித் தன் மனைவியின் பெயரைச் சூட்டியிருந்தார்.

இந்தக் கதையைச் சொல்லும்போது பெருமை முதலில் வரும். ஒரு முணுமுணுப்பும் பின்னாலேயே வரும். விற்றிருக்கக் கூடாது, நம்மிடமே இருந்திருக்க வேண்டும் என்பதே அது. முணுமுணுப்பு நியாயமானதுபோலத் தோன்றினாலும் அதற்குள் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒருவர் முதல் போட்டு, கடன் பட்டு, கடலில் விட்டுச் சம்பாதிக்கும் கலத்தின்மீது, அதில் ஒரு சல்லியும் போடாத நமக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?

அந்தக் காலத்தைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு, பருத்தித்துறைக் கரைகளிலிருந்து போன தோணிகளும் வத்தைகளும் பர்மாவிலிருந்து அரிசி ஏற்றி வந்தன, மலையாளக் கரைக்குப் புகையிலை கொண்டுபோயின. இந்தியக் கரையிலிருந்து ஓடு, செங்கல் எல்லாம் வந்து இறங்கின. 1905இல் வடக்குப் புகையிரதப் பாதை முழுமை பெற்றது. நீராவிக் கப்பல்கள் சரக்கைப் பறித்துக்கொண்டன. 1930களில் உலகப் பொருளாதார மந்தம். அப்படிப்பட்ட நேரத்தில் ஓர் அமெரிக்கர் வந்து விலை கேட்கிறார். விற்றவரைக் குறை சொல்லும் நாம், அவர் விற்காமல் வைத்திருந்தால் அந்தக் கப்பல் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்வதில்லை. அன்னபூரணியோடு ஓடிய மற்றக் கலங்களில் எத்தனையின் பெயரை இன்று நாம் சொல்வோம்? அவை விற்கப்படவில்லை. உளுத்தன, உடைக்கப்பட்டன, சில விறகாயின.

மரக்கலம் வீட்டைப்போல அல்ல. வீட்டைப் பூட்டிவிட்டுப் பத்து வருடம் கழித்து வந்தாலும் சுவர் நிற்கும். கலத்தைக் கரையில் ஏற்றி வைத்தால் வெயிலில் பலகை காய்ந்து சுருங்கி, பொருத்துகள் வாய் பிளக்கும். மழைநீர் உள்ளே தேங்கினால் விலா மரங்கள் உக்கும். கடலிலேயே கிடக்க விட்டால் கடற்புழு தின்னும். ஆகவே அதை இழுத்தேற்றிப் பாசி சுரண்ட வேண்டும், பொருத்துகளில் பஞ்சு திணித்துக் கலப்பற்றுப் பார்க்க வேண்டும், குங்கிலியமும் எண்ணெயும் பூச வேண்டும், உழைத்துத் தேய்ந்த பலகையைக் கழற்றிப் புதிது போட வேண்டும். இவற்றுக்கெல்லாம் காசை அந்தக் கலமே உழைத்துத் தரும். உழைப்பு நின்ற நாளிலிருந்து அது சம்மாட்டியின் மடியிலிருந்து தின்னத் தொடங்கும். வேலைசெய்த கலத்தைப் பாதுகாப்பது என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது, வருமானம் தராத ஒன்றுக்கு ஆயுள் முழுவதும் செலவு செய்வது.

சட்டமும் இதில் கைகொடுக்காது. நமது நாட்டின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் பொதுவாக 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியதையே தொல்பொருள் என்கிறது. கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான நாள் அது. கல்லுக்கும் செம்புக்கும் அந்தக் கணக்கு சரி. கடலில் உழைக்கும் எந்த மரக்கலம் இருநூறு வருடம் இருக்கப்போகிறது? சட்டத்தின் கண்ணில் பழையதாகும் வயதை எட்டுவதற்கு முன்பே படகு மண்ணாகிவிடும்.

தனியார் பழைய வேலைப் படகுகளை வாங்கிப் பாதுகாப்பதில் மிக நீண்ட அனுபவம் உள்ளவர்கள் ஆங்கிலேயர்கள். அங்கே கால்வாய்களில் நிலக்கரியும் தானியமும் ஏற்றிய எழுபதடி நீளக் குறுகிய படகுகள் இருந்தன. படகோட்டிக் குடும்பங்கள் அவற்றின் பின்புறச் சிற்றறையிலேயே பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்று வாழ்ந்தன. பெரும்பாலும் படகு கம்பனிக்குச் சொந்தம், வாழ்க்கை மட்டும் அவர்களுக்குச் சொந்தம். 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்துபோயின. ஏற்கெனவே நலிந்திருந்த தொழிலுக்கு அது பேரடியாயிற்று. நிர்வாகம் தன் படகுச் சேவையில் பெரும்பகுதியைக் கைவிட்டது. அதற்கு முன்பும் வேண்டாத படகுகளை நீர்நிலைகளில் கொண்டுபோய் அமிழ்த்தியிருந்தார்கள். மிஞ்சியவற்றைக் குறைந்த விலைக்கு வாங்கியவர்கள் பள்ளி ஆசிரியர்கள், பொறியியலாளர்கள், விடுமுறையை நீரில் கழிக்க விரும்பியவர்கள். சரக்கேற்றிய இடத்தின் மேல் கூரை போட்டு அறைகளாக்கினார்கள் சிலர். இன்னும் சிலர் அந்தக் கூரையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழையபடி படங்குத் துணி கட்டினார்கள். எது சரி என்ற வாக்குவாதம் இன்றுவரை ஓயவில்லை. அந்த நாட்டில் வரலாற்றுப் படகுகளுக்கென்று ஒரு தேசியப் பதிவேடு இருக்கிறது, ஆனால் அதில் பெயர் இருப்பதால் மட்டும் படகுக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்துவிடாது. உடைமையாளர் நினைத்தால் நாளைக்கே வெட்டிப் போடலாம்.

இந்த வரலாற்றில் என்னை உறுத்துவது கூரை விவகாரம் அல்ல. அந்தப் படகில் பிறந்தவர்கள் கரையேறி அரசாங்க வீடுகளுக்குப் போனார்கள். அவர்களுடைய அடுக்களை, அவர்கள் தீட்டிய ரோஜாப் பூக்கள், அவர்கள் தேய்த்துப் பளபளப்பாக்கிய பித்தளை எல்லாம் வேறொருவரின் ஞாயிற்றுக்கிழமை இன்பமாயின. திருட்டு எதுவும் நடக்கவில்லை. வாங்கியவர்கள் இல்லையென்றால் ஒரு படகும் மிஞ்சியிருக்காது. இருந்தும் மனம் முழுமையாகச் சம்மதிக்கவில்லை.

ஏன் சம்மதிக்கவில்லை என்று யோசிக்கும்போது அல்கஹ்ப் அத்தியாயத்திலுள்ள படகின் கதை நினைவுக்கு வருகிறது. மூஸா (அலை) அவர்களோடு பயணம் போன ஹிழ்ர் (அலை) அவர்கள், தங்களை ஏற்றிய படகையே பழுதாக்குகிறார்கள். காரணம் பிறகுதான் தெரிகிறது. கடலில் உழைக்கும் ஏழைகளின் படகு அது. நல்ல படகுகளையெல்லாம் பறித்துக்கொள்ளும் அரசன் ஒருவன் அப்பால் இருந்தான். பழுதான படகு என்றால் அவன் தொடமாட்டான். இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் இந்த இடத்தை வைத்து ஒரு நுணுக்கமான முடிவுக்கு வந்தார்கள். படகு வைத்திருந்தவர்களையே மிஸ்கீன்கள் என்று சொல்லியிருக்கிறதென்றால், மிஸ்கீனிடம் ஏதோ கொஞ்சம் இருக்கலாம், பகீர் அவனைவிட வறியவன் என்பது அந்த முடிவு. ஸகாத் பங்கீட்டுக்காகச் செய்த விளக்கம் அது. ஆனால் நமது கேள்விக்கும் அதில் வெளிச்சம் இருக்கிறது. தொழில் செய்யும் படகை வைத்திருப்பவன் அதனால் பணக்காரனாகிவிடுவதில்லை. அவனிடம் இருப்பது செல்வம் அல்ல, நாளைய சோறு. அதைப் பார்த்து 'இது நம் பாரம்பரியம், விற்காதே, மாற்றாதே, இயந்திரம் பூட்டாதே' என்று கரையில் நின்று சொல்பவன், பறிக்கும் அரசன் அளவுக்குப் போகாவிட்டாலும் அவன் இருந்த பக்கத்தில்தான் நிற்கிறான்.

பறிப்பு என்பது நமக்கு ஏட்டில் படித்த சொல் அல்ல. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து விரட்டப்பட்டவர்கள் கடல்வழியே கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். உடைமை என்றால் என்ன என்று அன்று கரையில் நின்றவர்களுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அப்படியானால் சமூகத்துக்கு எந்த உரிமையும் கிடையாதா? உண்டு என்றே நினைக்கிறேன், ஆனால் அது தொடங்கும் இடம் வேறு. உழைக்கும் கலம் உழைப்பவன் கையில் இருக்கும்வரை, செலவில் பங்கெடுக்காத நாம் வாய் திறக்க முடியாது. அது உழைப்பை விட்டு, வசதி படைத்த ஒருவரின் கைக்கு அழகுக்காக மாறும்போது கணக்கு மாறுகிறது. அவர் வாங்குவது மரத்தை மட்டும் அல்ல. பல பேரின் கைவேலையும் ஓர் ஊரின் பெயரும் அந்த விலைக்குள் சேர்ந்து வருகின்றன. அவற்றுக்கு அவர் சம்மாட்டியிடம் காசு கொடுத்திருக்கலாம், ஆனால் சம்மாட்டி தனியாக விற்கக்கூடிய சரக்கல்ல அவை. ரொபின்சன் மீது எனக்குள்ள ஒரே குறை பெயர் மாற்றம்தான். கப்பலை அவர் காட்சிப்பொருளாக்கவில்லை, ஓட்டினார். ஊர்க் கடலோடிகளின் திறமையை நம்பி அத்திலாந்திக்கைக் கடக்க விட்டார்.

வக்பு பற்றிய சட்டவிளக்கத்தில் இதற்கு ஒரு வழி தெரிகிறது. மூலத்தை நிறுத்திப் பலனை மட்டும் வழங்குவதே வக்பின் அடிப்படை. உமர் (ரலி) அவர்களின் கைபர் நிலம் அதற்கு முன்மாதிரி. நிலம் தேயாது. தேய்ந்து அழியும் அசையும் பொருளை வக்பு செய்யலாமா என்று அறிஞர்கள் நெடுங்காலம் தர்க்கித்தார்கள். ஹனபி வழியின் ஆரம்ப அறிஞர்கள் தயங்கினார்கள். நம்மவர்கள் பின்பற்றும் ஷாபிஈ வழி, பொருள் நிலைத்திருந்து பயன் தரும்வரை அதை அனுமதிக்கிறது. படகில் எது மூலம், எது பலன்? பலகைதான் மூலம் என்றால் முப்பது வருடத்தில் மூலம் போய்விடும். கிரேக்கர்களும் தீசியஸின் கப்பலை வைத்து இதே புதிரைப் போட்டார்கள், பலகை எல்லாம் மாறிய பின் அது அதே கப்பலா என்று. ஓடாவியிடம் இதைக் கேட்டால் சிரிப்பார். பலகை மாற்றுவது அவர் தொழில். மாற்றத் தெரிந்த கைதான் மூலம், கப்பல் அதன் பலன்.

நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையில் ஓடிய குமுதினி தனியார் படகல்ல, அரசாங்கத்துடையது. 1985 மே 15ஆம் திகதி நடுக்கடலில் அதில் பயணம் செய்தவர்கள், பச்சிளம் குழந்தை உட்பட, வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியோர் சாட்சி சொன்னார்கள். வேறு நாடாக இருந்திருந்தால் அந்தப் படகு கண்ணாடிக் கூண்டுக்குள் போயிருக்கும். நெடுந்தீவு மக்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் கச்சேரிக்கும் போக வேண்டியிருந்தது. இரத்தம் கழுவப்பட்ட அதே படகில் ஏறினார்கள். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அது பழுதாவதும் திருத்தப்படுவதும் மீண்டும் ஓடுவதுமாக இருந்தது. அதை ஓடவிட்டது நினைவை அவமதித்ததா? அப்படி எனக்குத் தோன்றவில்லை. ஏறுகிற ஒவ்வொருவருக்கும் அது எந்தப் படகு என்று தெரிந்திருந்தது.

2004 சுனாமிக்குப் பின் உதவி நிறுவனங்கள் கண்ணாடியிழைப் படகுகளை அள்ளி வழங்கின. நல்ல மனதோடு கொடுத்தார்கள், மீனவருக்கும் அவை வசதி. ஆனால் அவற்றுக்குக் கலப்பற்றுப் பார்க்கத் தேவையில்லை, ஓடாவியும் தேவையில்லை. அன்னபூரணிக்காக வருந்தும் நாம் இதற்காக வருந்தியதாகத் தெரியவில்லை.

இனி ஒரு பழைய மரவள்ளத்தைக் காப்பாற்ற நினைக்கும் வெளிநாட்டு உறவினரோ ஹோட்டல் முதலாளியோ இருந்தால், வள்ளத்தின் விலையைப் பேசுவதற்கு முன் அதைத் திருத்தக்கூடிய ஆள் கரையில் யாராவது மிஞ்சியிருக்கிறாரா என்று விசாரிக்கட்டும். இருந்தால் அவருக்கும் அவர் கூட்டிவரும் இரண்டு பையன்களுக்கும் ஒரு வருடக் கூலியை முதலில் ஒதுக்கட்டும். அவர் 'இந்த வள்ளம் இனித் தாங்காது, இதைப் பார்த்துப் புதிதாகவே ஒன்று கட்டுவோம்' என்று சொன்னால், அதற்கும் சம்மதிக்கட்டும்.