அதுக்குப் பேரு என்ன தம்பி?

உங்கள் வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய். டாக்டர் அதை அவரிடம் சொல்லவில்லை. அவரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உங்களிடம் சொல்கிறார். ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வருகிறீர்கள். பெஞ்சில் இருப்பவர் நிமிர்ந்து பார்த்து, ''டாக்டர் என்ன சொன்னாரு?'' என்கிறார்.

என்ன சொல்வீர்கள்?

அவசரப்பட்டு பதில் சொல்லிவிடாதீர்கள். உண்மை பேசுவதைப் பற்றி மேடையில் அரை மணி நேரம் பேசக்கூடியவன்தான் நானும். 2011-ல் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது நான் சொன்னது இதுதான். ''ஒண்ணுமில்ல அத்தை. குடல்ல புண்ணாம்.''

அத்தைக்கு ஊர் மருங்காபுரி. திருச்சியிலிருந்து மதுரை போகிற சாலையில், துவரங்குறிச்சிப் பக்கம். ஒரு காலத்தில் ஜமீன் இருந்த ஊர். பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. அத்தைக்கு அப்போது ஐம்பத்து நாலு வயது. வயிறு மட்டும் மாசா மாசம் பெருத்துக்கொண்டே போனது. கை, கால் எல்லாம் குச்சி. ''இந்த வயசுல முழுகாம இருக்கியா?'' என்று களத்துமேட்டில் கேலி செய்திருக்கிறார்கள். அத்தையும் சேர்ந்து சிரித்திருக்கிறார். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பாவாடை நாடாவில் இன்னொரு துண்டு நாடாவை முடிந்து நீளமாக்கியிருக்கிறார்.

முதலில் மகோதரம் என்றார்கள். ஈரல் கெட்டு வயிற்றில் நீர் கோக்கிறது என்று நினைத்து ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்தார்கள். நீர் வரவில்லை. ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி ஏதோ ஒன்று ஊசியை அடைத்துக்கொண்டது. ஸ்கேன், பயாப்ஸி எல்லாம் முடிந்து ஒரு துண்டுச் சீட்டில் டாக்டர் எழுதிக் கொடுத்த பெயர், சூடோமிக்ஸோமா பெரிட்டோனியை. அவருடைய இருபது வருஷ சர்வீஸில் இது இரண்டாவது கேஸ் என்றார்.

இது என்ன நோய் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் குடல்வாலில்தான் தொடங்குகிறது. நாம் அப்பெண்டிக்ஸ் என்று சொல்கிற அதே சுண்டுவிரல் சைஸ் வால். அதற்குள் சளி சுரக்கிற கட்டி ஒன்று வளர்ந்து, ஒருநாள் வெடித்து, அந்த செல்கள் வயிற்றறைக்குள் சிதறுகின்றன. விழுந்த இடத்தில் எல்லாம் உட்கார்ந்து சளியைச் சுரக்கின்றன. மற்றப் புற்றுநோய்கள் மாதிரி ரத்தத்தில் ஏறி நுரையீரலுக்கும் மூளைக்கும் போவது இதில் அபூர்வம். வயிற்றுக்குள்ளேயே இருந்துகொண்டு, குடலை நெருக்கி நெருக்கிச் சாப்பிட முடியாமல் செய்துவிடும். 1884-ல் வெர்த் என்ற ஜெர்மன் டாக்டர் வைத்த பெயர் இது. சூடோ என்றால் பொய். பெயரிலேயே ஒரு பொய் இருக்கிற நோய்க்கு நாங்கள் இன்னொரு பொய்யைச் சேர்த்துவிட்டோம்.

எவ்வளவு அரிது? பத்து லட்சம் பேரில் வருஷத்துக்கு ஒருவர் அல்லது இருவர் என்பது மேல்நாடுகளில் வெகுகாலமாகச் சொல்லப்படும் கணக்கு. கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம் என்று பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. அந்தக் கணக்கை நம் ஊருக்கு வைத்துப் பாருங்கள். 2011 சென்சஸ்படி தமிழ்நாட்டில் 7 கோடியே 21 லட்சம் பேர். அதாவது வருஷத்துக்குப் புதிதாக எழுபதிலிருந்து நூற்று நாற்பது பேர். இரண்டு பஸ்ஸில் ஏற்றிவிடலாம். திருச்சி மாவட்டம் முழுக்க மூன்று பேரோ ஐந்து பேரோ. அந்த ஐந்து பேரில் ஒருவர் லால்குடியிலும், ஒருவர் முசிறியிலும், ஒருவர் மருங்காபுரியிலும் இருந்தால் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்வார்கள்? அதுவும் மூன்று பேர் வீட்டிலும் 'குடல்ல புண்ணு' என்று சொல்லி வைத்திருந்தால்?

அன்றைக்கு இதெல்லாம் என் மண்டையில் ஏறவில்லை. ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் நாங்கள் நாலு ஆம்பளைகள் நின்று முடிவு பண்ணினோம். ''சொன்னா அன்னைக்கே பாதி உசுரு போயிரும்'' என்றார் அத்தை மகன். அழுதுகொண்டேதான் சொன்னார். அதில் கபடம் எதுவும் இல்லை. பாசம்தான். அத்தையைப் பற்றி அத்தை இல்லாமல் முடிவெடுக்கிறோமே என்று யாருக்கும் உறுத்தவில்லை. டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

சென்னைக்குக் கூட்டிப் போனோம். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வராந்தாவில் காத்திருந்தபோது நடந்ததைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். பக்கத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மா ஒருவர். தலையில் முடி இல்லை, முக்காடு போட்டிருந்தார். நல்ல கலகலப்பு. யாருக்கு எத்தனையாவது ஊசி, எது சாப்பிட்டால் வாந்தி வராது, எந்த லாட்ஜில் சமைக்க விடுவார்கள் என்று வரிசையாக எல்லோரிடமும் விசாரித்துக்கொண்டே வந்தவர், அத்தையிடம் திரும்பினார்.

''எனக்கு மாருல. உங்களுக்கு எங்க?''

அத்தை என்னைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன். ''அவங்களுக்கு அதெல்லாம் இல்லீங்க. குடல்ல புண்ணுதான்.''

''அப்ப நல்லது, மகராசி'' என்று அந்த அம்மா வாழ்த்தினார். வாழ்த்திவிட்டு அந்தப் பக்கம் இருந்தவரிடம் திரும்பிவிட்டார். அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் அங்கே அவ்வளவு பேச்சு. அத்தையிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த வராந்தாவில் அத்தை ஒருவர்தான் நோயில்லாதவர்!

நோயைச் சொன்னால் பயம் வரும் என்றுதானே மறைக்கிறோம்? பயத்தைத் தடுக்கப் போட்ட அந்தக் கதவு, ஆட்களையும் சேர்த்துத் தடுத்துவிட்டது. சர்க்கரை வியாதிக்காரர் பெயரை மறைத்தால்கூடப் பரவாயில்லை. தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள், தானாகத் தெரிந்துகொள்வார். அரிய நோய்க்காரருக்கு அந்தப் பெயர் ஒன்றுதான் விலாசம். அதை வைத்துத்தான் அவர் இன்னொருவரைத் தேட முடியும், இன்னொருவர் அவரைத் தேடி வர முடியும். சரியான டாக்டரும்கூட அப்படித்தான் கிடைப்பார். இதற்கான ஆபரேஷன் எல்லோரும் செய்வதல்ல. கண்ணுக்குத் தெரிகிற கட்டி, சளி அத்தனையும் வழித்தெடுத்துவிட்டு, புற்று மருந்தை 42 டிகிரி வரை சூடாக்கி, வயிற்றுக்குள் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் சுழலவிடுகிறார்கள். அமெரிக்காவில் சுகர்பேக்கர் என்ற டாக்டர் வளர்த்தெடுத்த முறை. இப்போது சென்னை, மும்பை என்று நம் நாட்டிலும் செய்கிறார்கள். ஒன்று செய்தவரிடம் போவதற்கும் நூறு செய்தவரிடம் போவதற்கும் உள்ள வித்தியாசத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

அத்தைக்கும் அந்த ஆபரேஷன் நடந்தது. பத்து மணி நேரம். அதற்கு முன்னால் ஒரு கட்டு இங்கிலீஷ் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். எங்கே போட வேண்டும் என்று நான்தான் விரலை வைத்துக் காட்டினேன். கையெழுத்து அத்தையுடையது, சம்மதம் எங்களுடையது. மூன்று வருஷத்துக்கு முன்பே, 2008 ஜனவரியில், உச்ச நீதிமன்றம் இதைப் பற்றித் தெளிவாகச் சொல்லியிருந்தது. மயக்கத்தில் இருந்த பெண்ணுக்கு அவருடைய தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்ட வழக்கு அது. வயது வந்த, சுயநினைவு திரும்பினால் தானே முடிவெடுக்கக் கூடிய ஒருவருக்காகப் பெற்ற தாயே சம்மதம் கொடுத்தாலும் செல்லாது என்றது கோர்ட். மருமகன் எம்மாத்திரம்? ஆனால் 2002-ல் வந்த மெடிக்கல் கவுன்சில் விதியைப் பாருங்கள். நோயின் தீவிரத்தைக் கூட்டியும் சொல்லாதே, குறைத்தும் சொல்லாதே என்கிறது. யாருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று வருகிறபோது, நோயாளி, அவருடைய உறவினர், பொறுப்பான நண்பர் என்று அடுக்கிவிடுகிறது. கதவைச் சாத்திக்கொண்டு பேச அந்த இடைவெளி போதும்.

உடனே ஒரு கேள்வி வரும். எல்லோராலும் உண்மையைத் தாங்க முடியுமா?

ஸ்டீபன் ஜே கூல்ட் என்று ஒரு பரிணாம விஞ்ஞானி. ஹார்வர்டில் பேராசிரியர். 1982 ஜூலையில், நாற்பது வயதில், அவருக்கு வயிற்றின் உட்சவ்வில் மீசோதீலியோமா என்ற புற்று. அத்தையின் நோய்க்கு அது பங்காளி முறை. ஆபரேஷன் முடிந்ததும், இதைப் பற்றி எதைப் படிக்கலாம் என்று கேட்டார். படிக்கும்படி ஒன்றும் இல்லை என்று அந்த டாக்டரம்மா நாசூக்காகச் சமாளித்தார். அங்கேயும் அதே கதைதான், பாருங்கள். நடக்கத் தெம்பு வந்ததும் கூல்ட் நேராக மெடிக்கல் லைப்ரரிக்குப் போனார். குணமாகாது, கண்டுபிடித்ததிலிருந்து இடைநிலை ஆயுள் எட்டு மாதம் என்று போட்டிருந்தது. கால் மணி நேரம் ஆடிப்போய் உட்கார்ந்திருந்தார். அப்புறம் கணக்குப் போட ஆரம்பித்தார். இடைநிலை எட்டு மாதம் என்றால், பாதிப் பேர் அதற்குள் போய்விடுகிறார்கள் என்று அர்த்தம். மீதிப் பாதி? அவர்களில் சிலர் வருஷக்கணக்கில் இருக்கிறார்கள். நான் ஏன் அந்த நீண்ட வாலில் இருக்கக் கூடாது? இருந்தார். இருபது வருஷம். 2002-ல் இறந்தது வேறொரு புற்றுநோயால். 1985-ல் அவர் இதைப் பற்றி எழுதிய கட்டுரையை இன்றைக்கும் நோயாளிகள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள்.

''அவர் ஹார்வர்டு. உங்க அத்தை எட்டாங்கிளாஸ்'' என்பீர்கள். நானும் அதையே சொல்லித்தான் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் பாவாடை நாடாவில் மாசத்துக்கு ஒரு முடிச்சாகப் போட்டு, தன் நோயை எந்த ஸ்கேனுக்கும் முன்னால் அளந்து வைத்திருந்தவர் அத்தை.

தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். ''எதுவா இருந்தாலும் எம் பையன்கிட்ட சொல்லிருங்க டாக்டர், எனக்கு வேணாம்'' என்று கும்பிடுகிறவரிடம் வலுக்கட்டாயமாகப் போய் ஓதுவது கொடுமை. அது அவர் எடுத்த முடிவு, அதற்கு மரியாதை உண்டு. ஒரே ஒரு சிக்கல், அதை அவரிடம் கேட்டால்தானே தெரியும்? நாங்கள் கேட்கவில்லை.

மருங்காபுரிக்குக் கிழக்கே இருக்கிறது புதுக்கோட்டை. 1886-ல் அங்கே பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, டாக்டருக்குப் படித்தவர், 1920-களில் சொந்தத் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துக்கத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. ஊரறியச் சொன்னார், பணம் திரட்டினார். 1954-ல் அடையாறில் பன்னிரண்டு படுக்கையோடு கேன்சர் இன்ஸ்டிட்யூட் தொடங்கியது. நூறு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு இருந்த தைரியத்தில் கால்வாசி எனக்கு 2011-ல் இல்லை.

ஆபரேஷன் முடிந்து ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு சாயங்காலம். திண்ணையில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தோம்.

''எனக்கு வந்திச்சே, அதுக்குப் பேரு என்ன தம்பி?''

''பேரெல்லாம் இல்ல அத்தை. புண்ணுதான்.''

கொஞ்ச நேரம் கடலைத் தோல் உடைகிற சத்தம் மட்டும். ''இல்ல... இது வேற யாருக்காச்சும் வந்திருக்கா? வந்தவங்க என்ன திங்கிறாங்க, எப்படித் தூங்குறாங்க... கேட்டுக்கலாம்னுதான்.''

சாவேனா, பிழைப்பேனா என்று அவர் கேட்கவில்லை. கவனியுங்கள். 'தெரியல அத்தை' என்றேன். எழுபது, நூற்று நாற்பது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தவன்.

இங்கிலாந்தில் இந்த நோய்க்காரர்களே சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். ஆபரேஷனுக்குப் போகிறவரோடு, முடித்து வந்தவர் பேசுவார். இங்கே அதற்கு முதல் படியாக நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் யாருக்காவது குடல்வால் ஆபரேஷன் நடந்தால், வெட்டியெடுத்த துண்டின் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். உடம்பு இளைத்து வயிறு மட்டும் பெருத்தால் வாயு என்று விட்டுவிடாதீர்கள். பயப்படவும் வேண்டாம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தொந்தி வெறும் தொந்திதான்.

அத்தை 2015-ல் போனார். நாலு வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் நன்றாகத்தான் இருந்தார்.

போன மாதம் ஒரு போன். இந்தப் பக்கத்தில் எப்போதோ அத்தையைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன், நோயின் பெயரோடு. அதைப் படித்துவிட்டு நம்பர் தேடிப் பிடித்திருக்கிறார்.

''எனக்கும் அதான் சார். அடுத்த மாசம் ஆபரேஷன். உங்க அத்தைகிட்ட ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா?''

சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

''சரி, உங்களுக்குத் தெரியுமான்னு பாருங்க சார். எனக்கு வேட்டி இடுப்புல நிக்கவே மாட்டேங்குது. அவங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சா?''

பாவாடை நாடாவைப் பற்றிச் சொன்னேன். ஒவ்வொரு முடிச்சாக.

''அப்படியா!'' என்றார். கிட்டத்தட்ட சந்தோஷமாக. ''இருங்க சார், என் வீட்டுக்காரியைக் கூப்பிடுறேன். அவகிட்டயும் ஒரு தடவை சொல்லுங்க.''