இரண்டு பொத்தான், மூன்று விநாடி

பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ஒலியைக் கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் டாக்பேக்கை இயக்கலாம். அது பார்வையற்றவர்களுக்கான திரைவாசிப்பான். இயங்க ஆரம்பித்ததும் தொடுதலின் இலக்கணமே மாறிவிடும். ஒருமுறை தொட்டால் விரலுக்கடியில் என்ன இருக்கிறது என்று சொல்லும், அவ்வளவுதான். திறக்க இரண்டு முறை தட்டணும். திரையை நகர்த்த இரண்டு விரல் வேணும்.

தெரியாமல் இது இயங்கிவிட்டால் வீட்டில் ஒரே களேபரம். "போன் தானா பேசுது, தொட்டா எதுவும் திறக்கல, வைரஸ் போல." தீர்வு என்னவோ சுலபம்தான்: அதே இரண்டு பொத்தான், அதே மூன்று விநாடி. ஆனால் அதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும். எத்தனை பேருக்கு இது தேவை? இந்தக் குறுக்குவழியையே எடுத்துட்டா என்ன?

பலருக்குத் தொந்தரவு, சிலருக்குப் பயன். தலைகளை எண்ணினால் தராசு பலர் பக்கம்தான் சாயும்.

டி. எம். ஸ்கான்லன் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1998இல் வெளிவந்த தன் நூலில் ஒரு சூழலைக் கற்பனை செய்கிறார். ஒளிபரப்பு நிலையத்தில் ஒருவர் கருவிக்கடியில் மாட்டிக்கொண்டு மின் அதிர்ச்சியில் துடிக்கிறார். காப்பாற்ற ஒளிபரப்பைப் பதினைந்து நிமிடம் நிறுத்தணும். அந்த நேரத்தில் ஏராளமானோர் உலகக் கோப்பை ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நிறுத்தத்தான் வேண்டும் என்கிறார் ஸ்கான்லன். பார்ப்பவர்கள் எத்தனை பேராக இருந்தாலும், அவர்களின் சின்னச் சின்ன இழப்புகளைக் கூட்டி அந்த ஒருவரின் வேதனைக்கு எதிராக நிறுத்த முடியாது.

நம் விஷயத்தில் யாரும் துடிக்கவில்லை. ஆனாலும் கணக்கு அதேதான். பார்வையுள்ளவருக்குப் போவது பத்து நிமிடம். பார்வையற்றவருக்கோ, டாக்பேக் நின்றுபோன போன் வெறும் வழவழப்பான கண்ணாடி. குறுக்குவழி இல்லையென்றால், அமைப்புகளுக்குள் போய் அதைத் திரும்ப இயக்க அவர் யாரையாவது கூப்பிட வேண்டிவரலாம். அப்போது திரையில் வங்கிக் கணக்கு இருக்கலாம், யாருக்கும் காட்ட விரும்பாத ஒரு செய்தி இருக்கலாம். நேர இழப்பும் பிறர் கையை எதிர்பார்ப்பதும் ஒரே அலகில் அளக்கக்கூடியவை இல்லை.

இங்கே ஒரு மறுப்பும் நியாயமானது. தனியாக வாழும் ஒரு பெரியவரின் போனில் இது தவறுதலாக இயங்கிவிட்டால்? அவரும் யாராவது வரும்வரை காத்திருக்கிறார். மகனுடைய அழைப்பைக்கூட எடுக்கத் தெரியாமல் தவிக்கிறார். அவருடைய இழப்பைப் பத்து நிமிடம் என்று தள்ளிவிட முடியாது. அது பார்வையற்றவரின் இழப்புக்குச் சமமானது.

அதனால்தான் குறுக்குவழியை எடுப்பது தீர்வாகாது. ஒருவருடைய தவிப்பை இன்னொருவருக்கு மாற்றிவிடுவதாகவே அது முடியும். இருவருக்கும் வேண்டியது ஒன்றுதான்: இன்னொருவர் கை இல்லாமல் தன் போனைத் தானே மீட்டுக்கொள்வது. பேச ஆரம்பிக்கும் அந்தக் குரல், தன்னை அணைக்கும் வழியை முதல் வாக்கியத்திலேயே, அவருக்குப் புரிகிற தமிழில் சொல்லட்டும். அதை எழுத எங்களைப் போன்ற நிரலாளர்களுக்கு ஒரு மதியம்கூட ஆகாது.