எவ்வளவு வெளிச்சம் போதும்?

காவலூர் வான் ஆய்வகத்தில் இரவு வேலைக்குப் போகும்போதெல்லாம் ஒவ்வொரு விண்மீனுக்கும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். இதன் ஒளியை எவ்வளவு நேரம் சேர்ப்பது? பத்து நிமிடமா, நாற்பது நிமிடமா? மங்கலான விண்மீனின் அளவீடு இரண்டு மடங்கு துல்லியமாக வேண்டுமென்றால் நேரம் நான்கு மடங்கு பிடிக்கும். மூன்று மடங்கு துல்லியத்துக்கு ஒன்பது மடங்கு. ஒளியின் கணக்கு அது, பேரம் பேச முடியாது. ஒரு கட்டத்துக்குப் பிறகு ராத்திரி முழுவதையும் கொட்டினாலும் கூடுதலாகக் கிடைப்பது சொற்பம்தான். அந்தக் கட்டம் வந்ததும் “போதும்ண்ணே, அடுத்ததுக்குத் திருப்பிடலாம்” என்று தொலைநோக்கியை இயக்குபவரிடம் சொல்லத் தெரியவே எனக்குப் பல வருடங்கள் ஆயின.

வேலையில் படிந்த இந்தப் பழக்கம் வாழ்க்கைக்குள் வர இன்னும் காலம் பிடித்தது. குளிக்க ஒரு வாளித் தண்ணீர், கடைக்குத் துணிப்பை, அலுவலகத்துக்கு சைக்கிள் என்று எனக்கென்று ஒரு சிக்கனம் இருந்தது. அப்போதுதான் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் வானியல் நிறுவனத்தார் தங்கள் கணக்கை வெளியிட்டார்கள். 2018-இல் அங்கே ஓர் ஆய்வாளரின் வேலைக்காக மட்டும் வெளியேறியது சுமார் 18 டன் கரியமில வாயுவுக்கு நிகரானது. அதில் கிட்டத்தட்டப் பாதி விமானப் பயணத்தால் வந்தது. இந்தியாவில் ஒரு மனிதருக்கு ஆண்டு முழுவதற்கும் சராசரி இரண்டு டன் அளவில்தான் வருகிறது. என் பயணங்களை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். துணிப்பை மிச்சப்படுத்தியது எதுவும் அந்தத் தாளில் கண்ணுக்குத் தெரியவில்லை.

அதற்காக விமானமே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் அந்த விண்மீனின் ஒளி சற்றே மங்கியது பதிவானது. இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்த அமெரிக்க ஆய்வு விமானமோ பலமுறை மங்கியதைத் தெளிவாகப் பதிவு செய்தது. யுரேனஸின் வளையங்கள் அப்படித்தான் தெரியவந்தன. அந்த விமானம் பறந்தது வீண் இல்லை. பதினைந்து நிமிட உரைக்காக ஒரு கண்டம் தாண்டி நான் பறந்தது வேறு கணக்கு. இப்போது மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான் வெளிநாட்டு மாநாடு. லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஹான்லே தொலைநோக்கியை பெங்களூருக்குப் பக்கத்து ஹோசகோட்டேயில் உட்கார்ந்து, செயற்கைக்கோள் வழியாகவே இயக்கிவிடுகிறோம். கணினியில் ஒரு கணக்கை ஓட்டும் முன் அதை ஒரு நாள் கூடுதலாகச் சரிபார்க்கிறேன். தப்பான கணக்கை மூன்று வாரம் ஓட்டினாலும் மின்சாரம் செலவானது செலவானதுதான்.

வெளிச்ச விஷயத்தில்தான் நான் தவறாக ஆரம்பித்தேன். பெங்களூரில் எங்கள் தெருமுனை விளக்கு, மொட்டை மாடியில் வானத்தையே விழுங்கிவிடும். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் அதை அணைத்துவிடலாம் என்று குடியிருப்போர் கூட்டத்தில் கேட்டேன். கீழ்வீட்டு அக்கா எழுந்து சொன்னார்: “உனக்கு இருட்டு வேணும், சரி கண்ணு. கடைசி பஸ்ஸுல வந்து இறங்கற எங்க பொண்ணுங்களுக்கு?”

அவர் சொன்னது நியாயம். அன்று ராத்திரியே இருவரும் விளக்குக்கு அடியில் போய் நின்று பார்த்தோம். உருண்டைக் கூடு, வெளிச்சத்தில் பெரும்பகுதி மேலேயும் இரண்டாம் மாடி ஜன்னல்களிலும் போய் விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் நடந்து வரும் பாதையோ புங்க மர நிழலில் இருண்டு கிடந்தது. கேட்டு அலைந்து, இரண்டு மாதம் கழித்து, மேலே மூடிய கூடும் மஞ்சள் ஒளி தரும் குறைந்த வாட் விளக்கும் போட்டார்கள். மரக்கிளைக்குக் கீழே, தாழ்வாக. இப்போது பாதை முன்பைவிட நன்றாகத் தெரிகிறது. கார்த்திகை மாதத்தில் மாடியிலிருந்து ஆறாமீன்களை எண்ண முடிகிறது. அக்காவும் ஒருநாள் பேத்தியோடு மேலே வந்து எண்ணிப் பார்த்தார்.

காவலூரின் பெரிய தொலைநோக்கிக்கு 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி. அதற்காகப் பாடுபட்ட வானியலாளர் வைணு பாப்பு 1982-இல் மறைந்தார்; தொலைநோக்கி 1986-இல் திறக்கப்பட்டபோது அவர் இல்லை. இத்தனை பெரிய கண்ணாடியில் ஒளியைத் திருப்பி அனுப்புவது மேலே படிந்த அலுமினியப் படலம் மட்டுமே. இத்தகைய படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். ஒருமுறை ஓய்வாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தக் கண்ணாடி முழுவதற்கும் தேவைப்படும் அலுமினியம் ஒரு கிராமைச் சற்றுத்தான் தாண்டுகிறது. எத்தனையோ கோடி ஒளியாண்டுத் தொலைவிலிருந்து வந்த ஒளியை அந்த ஒரு கிராம் பிடித்துத் தருகிறது. கண்ணாடியையும் அதைத் தாங்கும் இரும்பையும் நான் மறக்கவில்லை. ஆனாலும் அந்த ஒரு கிராம் நினைப்பு என்னை விட்டுப் போகவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளியில் பிள்ளைகளோடு தொலைநோக்கிக் கண்ணாடி தேய்க்கிறேன். உடைத்த கப்பலின் சன்னலிலிருந்து வந்த ஆறு அங்குல வட்டக் கண்ணாடி. முதலில் கார்போரண்டம் பொடியும் தண்ணீரும். கரகரவென்ற சத்தம் மெல்ல மெல்லச் சன்னமாகும். பிறகு கீல் பூசிய வட்டில் சீரியம் ஆக்சைடு வைத்து மெருகேற்ற வேண்டும். மின்சாரம் வேண்டாம், கையும் பொறுமையும் இருந்தால் போதும். மாதக்கணக்கில் ஆகும்.

போன வாரம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “மிஸ், இன்னும் கொஞ்சம் தேச்சா இன்னும் நல்லா வருமா?” என்று கேட்டாள். அளவுக்கு மீறித் தேய்த்தால் ஓரம் சரிந்துவிடும், அப்புறம் பழைய வேலையெல்லாம் திரும்பச் செய்ய வேண்டும். அதை நான் சொல்லவில்லை. அறையை இருட்டாக்கி, ஒரு சிறு விளக்கையும் சவர பிளேடையும் வைத்து, “நீயே பாரு” என்றேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு பிளேடை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். கண்ணாடி முழுவதும் ஒரே சீராகச் சாம்பல் நிழல் கவிந்தது; மேடு பள்ளம் எதுவும் இல்லை. இரண்டாம் முறையும் நகர்த்திப் பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் குழாயடியில் கையைக் கழுவினாள்.