உண்ணா நோன்பும் உண்ணா நோயும்



சாவத்தியில் கூதிர்காலத்து நோயால் பிக்குகள் உண்டதைக் கக்கி மெலிந்திருந்தனர். உடல் வற்றி, நிறம் மஞ்சளித்து, நரம்பு புடைத்திருப்பது ஏன் எனப் பகவான் ஆனந்தரை வினவினார். காரணமறிந்து, நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லப்பாகு ஐந்தையும் மருந்தாக, முதலில் உரிய வேளையிலும் பின்னர் வேளை கடந்தும் கொள்ள அநுமதித்தார். மகாவக்கம் கூறும் வரலாறு இது. நோயாளர் முறையிடுமுன் ததாகதர் கண்ணாலே அறிந்தார்.

நாமோ கண்டும் அறிந்திலோம். திருவனந்தபுரத்து உபாசகர் இல்லமொன்றில் ஓர் இளம்பெண் பௌர்ணமிதோறும் அட்டசீலம் ஏற்று, நண்பகலுக்குப்பின் உண்ணாதிருந்தாள். பின்னர் அதனை நாள்தோறும் காத்தாள். 'சீலவதி' என்று சபையிலே புகழ்ந்தோர் நாமே. ஆலையில் உழைத்த நாள்களில் பசியை வறுமையின் பிள்ளையாகவே அறிந்திருந்தோம். பானையில் சோறிருக்க ஒரு பெண் பட்டினி கிடப்பாள் என்று எண்ணவே தெரியவில்லை. தாயார் வேறு கண்டிருந்தார்: காலையிலும் 'உண்டாயிற்று' என்னும் பொய், சோற்றை உண்ணாமல் அளைந்துகொண்டிருத்தல், எலும்பு தெரிந்த பின்னும் 'பருத்துவிட்டேன்' என்னும் அழுகை, கோடையிலும் குளிர், சீப்பு நிறைய மயிர், மாதவிலக்கு நின்றமை. நமது புகழுரையே அவர் வாயைக் கட்டிற்று.

அனொரெக்சியா நெர்வோசா என்று மருத்துவர் கூறும் இந்நோய் பிடிவாதமன்று; உயிர் குடிப்பது. 2025 மார்ச்சில் கண்ணூர் மாவட்டத்தில் 18 வயதுப் பெண்ணொருத்தி இதனால் மாண்ட செய்தியை நாடறியும். மறைவில் அளவிறந்து உண்டு, உடனே குளியலறைக்கு ஓடிக் கக்குவோரும் உளர். அவர் மெலியாமலும் இருப்பர். ஆண்மக்களுக்கும் இது வரும்.

போதிசத்துவரும் உணவைச் சுருக்கிய நாளில், வயிற்றைத் தொட முதுகெலும்பு தட்டுப்பட்டது. உடலைத் தடவ மயிர் உதிர்ந்தது. இது வழியன்று எனக் கண்டு அவர் சோறுண்டார். ஐவர் இகழ்ந்து அகன்றனர். அவ்வைவர் நிலையிலேதான் நாமும் நின்றோம்!

இக்குறிகளைக் கண்டால் ஏசாதீர், உடலைப் பற்றிக் கேலி பேசாதீர், வாயில் திணிக்காதீர். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ இருப்பின் அன்றே மருத்துவமனை சேர்க. 14416 என்னும் 'டெலி மானஸ்' தொலைபேசியில் கட்டணமின்றி ஆலோசனை கிட்டும்.

இனி இளையோர்க்கு அட்டசீலம் அளிக்குமுன், வீட்டில் உண்பதெப்படி என வினவியே அளிப்போம். அப்பெண் இப்போது சிகிச்சையில் இருக்கிறாள். சென்ற பௌர்ணமியில் பஞ்சசீலம் மட்டும் ஏற்று, மாலையில் தாயாருடன் அமர்ந்து அரைக்கிண்ணம் கஞ்சி குடித்தாள்.