மருந்தும் நினைவும்

துயரைத் தணிக்கும் மருந்து நீதிக்குப் பகையாகுமா? அல்லைப்பிட்டியில் இருந்துகொண்டு இவ்வினாவை நாம் வெறும் ஏட்டு வினாவாகக் கொள்ள இயலாது. 2006 மே 13ஆந் திகதி இரவு எமது தீவுப்பகுதியிலே பொதுமக்கள் 13 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். குழந்தைகளும் அவருள் அடங்குவர். அவ்விரவு இன்னும் விடியாத வீடுகள் நம்மிடையே உள.

சிலவகைக் காளான்களில் உள்ள சைலோசைபின் என்னும் பொருளை அல்பேட் ஹொவ்மன் 1958இல் பிரித்தெடுத்தார். மூளையின் செரற்றோனின் வாங்கிகள் வழியே அது செயற்படுகிறது. 2024இல், அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார், நலமுடைய எழுவரின் மூளைகளை மருந்துக்கு முன்னும் பின்னும் பன்முறை படம்பிடித்த ஆய்வை வெளியிட்டனர். ஒருவர் புறவுலகை விட்டுத் தம்மைப் பற்றியே எண்ணியிருக்கையில் சில மூளைப் பகுதிகள் தம்முள் இசைந்து இயங்குகின்றன. மருந்து அவ்விசைவைக் குலைத்தது. பெரும்பாலான மாற்றங்கள் விரைவில் நீங்கின. ஆயினும், நினைவுக்கு இன்றியமையாத ஹிப்போகாம்பசுக்கும் அப்பகுதிகளுக்கும் இடையிலான தொடர்பு வாரக்கணக்கில் நலிந்தே இருந்தது. மனச்சோர்வுற்றோர்க்கு இதனை மருந்தாக்கும் சோதனைகளும் நடைபெறுகின்றன. தன்னையே சுற்றிச் சுழலும் எண்ணம் இத்தளர்ச்சியால் விடுபடலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. அது இன்னும் நிறுவப்படவில்லை.

நிறுவப்பட்டால் நாம் என்ன சொல்வோம்? துயரின் வேர் சமுதாயத்தில் இருக்க, மூளைக்கு மருந்திடுதல் ஏமாற்றே என்பர் நம் நண்பர் சிலர். உறக்கமின்றித் தவிக்கும் தாயிடம், நீதி கிடைக்கும்வரை நீ வருந்திக்கொண்டே இரு என்று சொல்ல நமக்கு உரிமை தந்தவர் யார்? அவளது வேதனையை நமது வழக்குக்குச் சாட்சியாகக் காத்து வைப்பது கொடுமை.

மறுபுறம், துயரனைத்தும் நரம்புத் தொடர்பின் கோளாறே எனக் கொண்டால், கொன்றவன் மறைந்துவிடுகிறான். நோயாளி மட்டுமே எஞ்சுகிறாள். நீதிமன்றத்திற் கேட்க வேண்டிய கேள்வி மருந்துச்சாலையோடு முடிந்துவிடும்.

இறந்தோரின் நினைவு அவளொருத்தியின் நெஞ்சில் மட்டும் இருக்குமாயின், அதனை விட அவளால் இயலாது. விட்டால் அவர்கள் மீண்டும் ஒருமுறை இறப்பர் என்று அஞ்சுவாள். பதிவேட்டிலும் பாடத்திலும் விசாரணையிலும் ஊரும் நாடும் அதனைச் சுமந்தால், அவள் சற்றே கண்ணயரலாம்; அந்நிலையில் மருந்து மறதியாகாது.

ஆகவே, மருந்து தகுமா என்று அவளைக் கேட்குமுன், ஆசிரியராகிய நாம் நம்மைக் கேட்போம்: நமது வகுப்பறையில் அந்தத் திகதியை நாம் எத்தனைமுறை சொல்லியிருக்கிறோம்?