தண்டனை யாருக்காக?

குற்றம் புரிந்தவன் தண்டனை பெற வேண்டும் என்பதில் நம்மில் எவருக்கும் ஐயம் இல்லை. ஆனால், தண்டனை எதற்காக என்று கேட்டால் நாம் தரும் விடைகள் வேறுபடுகின்றன. ‘பட்டால்தான் புத்தி வரும்’ என்பார் ஒருவர். ‘அவனைப் பார்த்து மற்றவர்கள் அஞ்ச வேண்டும்’ என்பார் இன்னொருவர். ‘இழந்தவரின் மனம் ஆற வேண்டாமா?’ என்பார் மூன்றாமவர். மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. எனினும், இவை ஒன்றோடொன்று மோதும்போது எதை முன்னிறுத்துவது? இக்கேள்வியை அண்மையில் என் முன் வைத்தவர்கள் இருவர். ஒருத்தி, சட்டம் பயிலும் மாணவி. மற்றவர், அவளுடைய பாட்டி.

ஹால்டனில் ஒரு பகல்

எங்களுக்கு நெருங்கிய குடும்பத்தைச் சேர்ந்த அம்மாணவி, மேற்படிப்புக்காக நார்வே நாட்டுக்குச் சென்றிருந்தாள். ஒரு நாள் ஆசிரியர் ஒருவருடன் மாணவர்கள் சிலர் ஹால்டன் சிறைச்சாலையைக் காணச் சென்றனர். ஸ்வீடன் எல்லைக்கு அருகே, காட்டின் நடுவில், 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சிறை அது. ஏறத்தாழ 250 கைதிகளுக்கு இடம் உண்டு. கொலை, போதைப்பொருள் கடத்தல் போன்ற கொடுங்குற்றங்கள் புரிந்தோரும் அங்கே இருக்கின்றனர். சுற்றிலும் 6 மீட்டர் உயரமுள்ள கான்கிரீட் சுவர். ஆனால் உள்ளே, சன்னல்களில் கம்பிகள் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனி அறை. பட்டறை, பள்ளி, நூலகம், இசை பயிலும் கூடம் ஆகியவை உண்டு. கைதிகள் தாமே சமைக்கின்றனர்; அலுவலர்களுடன் ஒரே மேசையில் அமர்ந்து உண்பதும் உண்டு.

சமையல் பயிற்சிக் கூடத்தில் நடுத்தர வயதுடைய ஒருவர் மாணவர்களுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். பணிவாகப் பேசினார். எதற்காக அவர் அங்கிருக்கிறார் என்பதை அலுவலர்கள் சொல்லவில்லை. சொல்வது அங்கே வழக்கமும் இல்லை. அவரே சொன்னார்: “நான் ஒரு மனிதனைக் கொன்றேன்.” அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

விடுமுறையில் ஊர் திரும்பிய பேத்தி இதனை வியப்போடு விவரித்தாள். பாட்டி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேட்டார்: “அந்தக் காப்பியை நீ குடித்தாயா, கண்ணு?”

“குடித்தேன், பாட்டி.”

“நல்லது. செத்துப்போனவனைப் பெற்றவள் ஒருத்தி இருப்பாளே, அவளுக்கு யார் காப்பி கொடுத்தார்கள்?”

பேத்தியிடம் விடை இல்லை. அருகில் இருந்த என்னிடமும் இல்லை. பாட்டி இதனை வாதத்துக்காகக் கேட்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், வரப்புத் தகராறில் அவருடைய உடன்பிறந்த தம்பி வெட்டிக் கொல்லப்பட்டவர்.

இழப்பது எது?

பாட்டியின் கேள்விக்கு விடை தேடுமுன், நார்வே நாட்டார் ஏன் இவ்வழியைத் தேர்ந்தனர் என்பதை அறிதல் வேண்டும். சுதந்திரத்தை இழப்பதே தண்டனை என்பது அவர்களது கொள்கை. வீடு திரும்ப இயலாமை, பிள்ளை வளர்வதை அருகிருந்து காண இயலாமை, இரவில் கதவு வெளியிலிருந்து பூட்டப்படுதல் ஆகியவையே தண்டனை. அதற்கு மேல் பசியையும் அடியையும் இழிசொல்லையும் எந்த நீதிபதியும் தீர்ப்பில் எழுதவில்லையே! எழுதாத தண்டனையை வழங்க எவருக்கும் உரிமை இல்லை. மேலும், சிறைக்குச் சென்றோரில் மிகப் பெரும்பாலோர் ஒரு நாள் வெளியே வந்து யாரோ ஒருவரின் அண்டை வீட்டாராக வாழப் போகிறவர்கள். ஆகவேதான் அங்கே சிறை அலுவலர் ஆவதற்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி தேவை. சட்டமும் உளவியலும் அறவியலும் அதில் பாடங்கள்.

இதனால் பயன் விளைந்ததா? விடுதலையான இரண்டு ஆண்டுகளுக்குள் மீண்டும் தண்டனை பெற்றோர் நார்வேயில் ஏறத்தாழ 5 பேரில் ஒருவர் என்று 2010ஆம் ஆண்டு வெளிவந்த ஒப்பாய்வு ஒன்று காட்டியது. இதனை மிகைப்படுத்தலும் ஆகாது. சாலை விதிகளை மீறிச் சில வாரங்கள் சிறையிருந்தவர்களும் அக்கணக்கில் அடங்குவர். ஒவ்வொரு நாடும் கணக்கிடும் முறையும் வேறு.

கருணை என்பது கண்மூடித்தனமும் அன்று. 2011ஆம் ஆண்டு ஜூலை 22 அன்று 77 உயிர்களைப் பறித்தவனுக்கு அந்நாட்டு நீதிமன்றம் 21 ஆண்டுக் காவலை விதித்தது. அவனால் சமுதாயத்துக்கு ஆபத்து நீடிக்கும்வரை அக்காவலை மேலும் நீட்டிக்கச் சட்டம் இடம் தருகிறது. கதவு பூட்டியே இருக்கலாம். ஆனால் உள்ளே இருப்பவன் மனிதனாக நடத்தப்பட வேண்டும். இவை இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

துன்பம் யாரைச் சேர்கிறது?

இனிப் பாட்டியின் கேள்விக்கு வருவோம். கொன்றவனைச் சிறையில் வதைத்தால், அவன் படும் துன்பம் இறந்தவனின் தாயை ஆறுதலாகச் சென்று சேருமா? சேரும் என்று நம்பவே மனம் விரும்புகிறது. ஆனால் சிறிது ஆழ்ந்து எண்ணிப் பார்ப்போம். அடிபடுகிறவன் தன் அடியையே எண்ணிக்கொண்டிருப்பான். நாளடைவில், தான் இழைத்த கொடுமை மறந்துபோகும். தனக்கு இழைக்கப்பட்ட கொடுமையே நினைவில் நிற்கும். குற்றவாளி தன்னையே பாதிக்கப்பட்டவனாகக் கருதத் தொடங்குவான். கொடுமை அவனுக்கு ஒரு புகலிடத்தைத் தருகிறது! மாறாக, எவரும் அடிக்காத, எவரும் ஏசாத அறையில், அவன் செய்த செயல் ஒன்றே அவனுக்குத் துணை. அதனிடமிருந்து அவன் தப்ப முடியாது. “நான் ஒரு மனிதனைக் கொன்றேன்” என்று அந்த மனிதர் எவ்விதச் சாக்கும் சொல்லாமல் கூறியது அத்தகைய ஓர் இடத்தில்தான்.

அங்குலிமாலனின் வரலாற்றை நாம் அறிவோம். அவனைப் பிடிக்கக் குதிரைப்படையுடன் புறப்பட்ட கோசல மன்னன், புத்தரின் அருகே அவனைத் துறவியாகக் கண்டு வணங்கினான் என்று பௌத்த நூல்கள் கூறுகின்றன. பலரும் கதையை இத்துடன் நிறுத்திவிடுகிறோம். ஆனால் அதற்குப் பின்னும் ஒரு பகுதி உண்டு. பிச்சைக்குச் சென்ற அங்குலிமாலர் மீது கற்கள் வந்து விழுந்தன. தலையில் குருதி வழிய, உடைந்த பாத்திரத்துடன் அவர் திரும்பி வந்தார். செய்த வினையின் பயன் இது, பொறுத்துக்கொள் என்றே புத்தர் கூறினார். மனம் திருந்தியது கடனை அழித்துவிடவில்லை. கடனைத் தாங்கும் வலிமையைத் தந்தது. மன்னிப்பும் வினைப்பயனும் பகையல்ல என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்த இயலாது.

காவலரின் உள்ளம்

தண்டனை, தண்டிப்பவரையும் மாற்றுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது நார்வேயில் ஜெர்மானியர் அமைத்த முகாம்களில் யூகோஸ்லாவியக் கைதிகள் அடைக்கப்பட்டிருந்தனர். அங்கே காவலராக இருந்த நார்வே நாட்டவர் சிலர் கைதிகளைக் கொடுமைப்படுத்தினர். சிலர் அவ்வாறு செய்யவில்லை. இருசாராரையும் ஆராய்ந்தவர் நீல்ஸ் கிறிஸ்டி என்னும் குற்றவியல் அறிஞர். கொடுமை செய்யாதவர்கள் கைதிகளோடு பேசிப் பழகியவர்கள், அவர்கள் காட்டிய குடும்பப் படங்களைப் பார்த்தவர்கள் என்பதை அவர் கண்டார். ஒருவனை மனிதனாகக் கண்டுவிட்ட பின் கை ஓங்க மறுக்கிறது.

அதே அறிஞர் பிற்காலத்தில், 1977ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை ஒன்றில், பாட்டியின் பக்கமும் நின்றார். குற்றம் நிகழ்ந்தவுடன் அரசும் வழக்கறிஞர்களும் அதனைத் தமதாக்கிக்கொள்கின்றனர். பாதிக்கப்பட்டவர் தம் வழக்கிலேயே அந்நியராகிவிடுகிறார் என்று அவர் சுட்டிக்காட்டினார். பாதிக்கப்பட்டவரும் குற்றம் புரிந்தவரும், இருவரும் இசைந்தால், எதிரெதிரே அமர்ந்து பேச வழிசெய்யும் மத்தியஸ்த அமைப்புக்கு 1991ஆம் ஆண்டு நார்வேயில் சட்டம் இயற்றப்பட்டது.

நம் நாட்டில்

இவையெல்லாம் செல்வ நாடுகளுக்கே உரியவை என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. ராஜஸ்தானத்துச் சாங்கானேரில் 1963ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திறந்தவெளிச் சிறையில் கைதிகள் தம் குடும்பத்தோடு வாழ்கின்றனர். பகலில் வெளியே சென்று உழைத்துப் பொருள் ஈட்டி, மாலையில் திரும்பிவருகின்றனர். அதே வேளையில், 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த சுமார் 5,73,000 பேரில் 4,34,000 பேர் விசாரணைக் கைதிகள் என்பதையும் மறத்தல் ஆகாது. குற்றம் மெய்ப்பிக்கப்படாமலேயே இவர்கள் அடைபட்டிருக்கின்றனர். அவர்களையும் நாம் ‘ஜெயிலுக்குப் போனவன்’ என்றே அழைக்கிறோம்.

பாட்டியின் சொல்

சில நாட்கள் கழித்துப் பாட்டி தாமாகவே பேச்சை எடுத்தார். தம்பியைக் கொன்றவன் தண்டனை முடிந்து அதே ஊருக்குத் திரும்பி, மூப்படைந்து இறந்தானாம். கோவில் குளக்கரையில் பலமுறை எதிரே வந்திருக்கிறான். ஒருமுறைகூட இருவரும் முகம் பார்த்ததில்லை.

“ஜெயிலில் அவனை நன்றாக அடித்தார்களாம். கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அது இரண்டு நாள்கூட நிற்கவில்லை, கண்ணு” என்றார் பாட்டி. சற்று நேரம் மௌனமாக இருந்தார். “அவன் ஒருநாள் வந்து, ‘தப்புச் செய்துவிட்டேன் அக்கா’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் கதவைச் சாத்தியிருப்பேன். ஆனாலும் அவன் வந்திருக்க வேண்டும்.”

தண்டனையின் நோக்கம் என்ன என்பதற்கு இதைவிடச் சிறந்த விடையை நான் நூல்களில் கண்டதில்லை. கதவு திறக்குமா, சாத்தப்படுமா என்பது இழந்தவரின் உரிமை. அதில் தலையிட எவருக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் அக்கதவை நோக்கி நடக்கும் துணிவைக் குற்றவாளியிடம் உண்டாக்க முடியுமா என்பதே சமுதாயத்தின் முன் உள்ள கேள்வி. அடியால் அத்துணிவு பிறப்பதில்லை.

நம் இல்லங்களிலும் சிறைகள் உண்டு. என்றோ செய்த பிழைக்காக ஒரு சகோதரரையோ, மகனையோ, நண்பரையோ நாம் விடுதலை நாள் குறிக்காமலே அடைத்து வைத்திருக்கக் கூடும். அவர் வந்து பேச ஒரு வழியையேனும் திறந்து வைத்திருக்கிறோமா? இன்று இரவு உறங்கப் போகுமுன் நாம் ஒவ்வொருவரும் இதனை நம்மிடமே கேட்டுக்கொள்வோமாக.