பூனையும் பினாயிலும்

ஒளூவுக்கு வைத்த தண்ணீரில் பூனை வாய் வைத்தால் அது நஜீஸ் ஆகுமா என்ற மஸ்அலா நம்மில் பலரும் அறிந்ததே. அபூ கதாதா (ரலி) அவர்கள், குடிக்க வந்த பூனைக்குத் தம் ஒளூப் பாத்திரத்தையே சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து நோக்கிய மருமகள் கப்ஷாவிடம், பூனை நஜீஸ் அல்ல, நம்மைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். அபூதாவூத், திர்மிதீ முதலிய கிரந்தங்களில் இது காணப்படுகிறது. பூனையால் நமக்கு அசுத்தம் வருமா என்று விசாரிக்கிறோம். நமது சுத்தத்தால் பூனைக்கு என்ன வருகிறது என்று விசாரிப்பவர் சொற்பம்.

பினாயில் விட்டுத் தரையைத் துடைக்கிறோம். பூனை அதைத் தேடிக் குடிப்பதில்லை. ஈரத் தரையில் நடந்துவிட்டு, தன் வழக்கப்படி பாதங்களை நக்கித் துப்புரவு செய்கிறது. விஷம் அப்படித்தான் உள்ளே போகிறது. பீனால் வகைப் பொருள்களை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. சிறிது நேரத்தில் எச்சில் ஒழுகும், வாய் வெந்துபோகும், நடை தள்ளாடும்.

உடனே உப்புத் தண்ணீரைப் புகட்டி வாந்தியெடுக்க வைப்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. போகும்போது சுட்டது திரும்பும்போதும் தொண்டையைச் சுடும். நுரையீரலில் இறங்கினால் இன்னும் ஆபத்து. பாதத்தையும் ரோமத்தையும் வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, மேலும் நக்கவிடாமல் துணியில் சுற்றி, பினாயில் பாட்டிலோடு கால்நடை மருத்துவரிடம் விரைய வேண்டும். வலிக்குமே என்று இரங்கிப் பாரஸிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். நாம் விழுங்கும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதுமானது.

"வேண்டுமென்றா செய்தேன்? அமல்கள் நிய்யத்தைப் பொறுத்தவையல்லவா?" என்று சிலர் கேட்கலாம். அறியாமல் நடந்தவரைக்கும் அந்த வாதம் சரி. ஆனால், பூனையைக் கட்டிவைத்ததற்காக நரகம் புகுந்த பெண்ணைப் பற்றி புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸைச் சற்று ஊன்றிப் பாருங்கள். அவள் அதைக் கொல்ல நாடினாள் என்று அங்கே இல்லை. தானும் உணவளிக்கவில்லை, தானே தேடித் தின்ன அவிழ்த்துவிடவுமில்லை, குற்றம் இவ்வளவுதான். ஓர் உயிர் அவள் கையில் இருந்தது, அவள் சும்மா இருந்தாள். நுரை தள்ளும் பூனையைக் கண்டும், "பூனைதானே, பிழைத்தால் பிழைக்கட்டும்" என்று திண்ணையில் விட்டுவிட்டு உள்ளே போகிறவர், எந்த நிய்யத்தைச் சாட்சிக்கு அழைப்பார்?

சுற்றி வரும் பிராணி எங்கும் கால் வைக்கத்தான் செய்யும். பினாயில் போட்ட அறையைக் காயும்வரை சாத்தி வைத்து, பிறகு வெறும் தண்ணீரால் ஒருமுறை துடைத்துவிட்டுத் திறப்பதற்குக் கூடுதலாக ஒரு வாளித் தண்ணீர்தான் செலவு.